கேசாதிபாதம் பாடிய நாச்சிமுத்து

இளம்பிள்ளைக் கடைவீதியில் நாச்சிமுத்துவைப் ‘புலவர்’ என்று அழைத்தவர்கள் அனைவரும் கேலியாகவே அழைத்தார்கள். அதில் கேலி இருப்பதை அழைக்கப்பட்டவர் மட்டும் இருபத்தெட்டு ஆண்டுகளாக நம்ப மறுத்துவந்தார்.

வெங்கடாசலம் முதலாளியின் மொத்தச் சேலைக் கடையில், தறிகளிலிருந்து வரும் கட்டுகளைப் பிரித்து, குறை பார்த்து, மடித்து அடுக்குவது அவர் தொழில். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். கோயில் சுவரில் பதித்திருந்த கற்பலகைகளைப் பார்த்து எழுத்துக்கூட்டிப் பதிகங்களைப் படித்தார். யாப்பிலக்கணத்தை, சேலத்துப் பழைய புத்தகக் கடையில் அட்டையில்லாமல் கிடைத்த ஒரு நூலிலிருந்து கற்றார். அந்நூலில் கடைசி முப்பது பக்கங்கள் இல்லை. ஆகவே தம் புலமையிலும் கடைசி முப்பது பக்கங்கள் இல்லை என்பதை அவர் ஒப்புக்கொள்வார். ஆனால் தனியாக இருக்கும்போது மட்டும்.

அவருடைய அரங்கேற்றங்கள் கல்யாண மண்டபங்களில் நிகழ்ந்தன. மணமக்களுக்குக் கண்ணாடிச் சட்டமிட்ட வாழ்த்து மடல் அளிக்கும் வழக்கம் அவ்வட்டாரத்தில் உண்டு. இருநூறுக்கும் மேற்பட்ட மடல்களுக்கு அவர் செய்யுள் எழுதிக் கொடுத்திருந்தார். மணமகள் யாராயினும் கூந்தல் கார்முகில், நெற்றி இளம்பிறை, விழி கயல். ஒரே ஆவணியில் மணந்த அக்காளும் தங்கையும் தீபாவளிக்குத் தாய்வீடு வந்தபோது தத்தம் சட்டங்களை அருகருகே வைத்துப் பார்த்தார்கள். பெயரைத் தவிர ஓர் எழுத்தும் மாறவில்லை. இருவரும் சட்டங்களைக் கையோடு கொண்டுவந்து நியாயம் கேட்டபோது, “மரபுன்னா அப்படித்தானுங்க அம்மிணி, அதுல நாம கை வெக்கக் கூடாது” என்று அவர் கம்பீரமாகச் சொன்னார். தங்கைக்காரி சட்டத்தைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு போனாள்.

அவருடைய ஆண்டின் உச்சம் மாசித் திருவிழா. அங்காளம்மன் கோயிலில், பூசை முடிந்து விபூதி கொடுக்கும் இடைவெளியில், ஆண்டுக்கொரு புதுப்பதிகம் இயற்றி ஒலிபெருக்கியில் பாடும் உரிமையை, கோயில் விழாக்குழுவுக்கும் தலைவராயிருந்த வெங்கடாசலம் முதலாளி அவருக்கு அளித்திருந்தார். தெய்வத்தைப் பாடுவோர் திருவடியில் தொடங்கித் திருமுடியில் முடிக்க வேண்டும், அது பாதாதிகேசம். மானுடப் பெண்ணைப் பாடுவோர் கூந்தலில் தொடங்கிப் பாதத்தில் முடிக்க வேண்டும், அது கேசாதிபாதம். இந்த வேறுபாட்டை அறிந்தவர் இளம்பிள்ளையில் தாம் ஒருவரே என்பதில் அவருக்கு இருந்த மகிழ்ச்சிக்கு, அதை அறிய விரும்பியவர் வேறொருவரும் இல்லை என்பது தடையாக இருக்கவில்லை.

இப்படி இருக்கையில், முதலாளியின் மகன் கௌதமன் ஒருநாள் அவரிடம் வந்தான். பொறியியல் படித்துவிட்டுக் கடையின் யூடியூப் சேனலை நடத்திவந்தவன்.

“புலவரே, ஒரு ஆல்பம் பாட்டுப் போடலாம்னு இருக்கேனுங்க. நம்ம கடைச் சேலையையே கட்டி எடுத்தர்றது. வரி மட்டும் நீங்க எழுதிக் குடுங்க.”

நாச்சிமுத்து மூன்று நிபந்தனைகள் விதித்தார். ஆங்கிலச் சொல் கலக்கக் கூடாது, ஆபாசம் கூடாது, தம் பெயர் திரையில் முதலில் வர வேண்டும். கௌதமன் மூன்றுக்கும் தலையாட்டினான். மூன்றாவதை அவர் இருமுறை சொன்னபடியால் அதற்கு மட்டும் இருமுறை ஆட்டினான்.

இரண்டு நாளில் பாட்டு வேண்டும். இரண்டு நாளும் சேலைக் கட்டுகள் வந்து குவிந்தன. மூன்றாம் நாள் விடியலில் புலவர் ஒரு காரியம் செய்தார். சென்ற மாசியில் அம்மனுக்குத் தாம் பாடிய பதிகத்தை எடுத்தார். கண்ணீர் மல்கப் பாடிய பதிகம் அது. அடியிலிருந்து முடிவரை போன அதனை முடியிலிருந்து அடிவரை வருமாறு கவிழ்த்து அடுக்கினார். ‘அன்னையே’ என்றிருந்த இடங்களில் ‘அன்னமே’ என்று திருத்தினார். ஓசை கெடவில்லை. அதைத் துணையாகப் பிடித்துக்கொண்டு அவர் மனச்சாட்சி மறுபடி படுத்துக்கொண்டது.

பாட்டில் நடிக்கத் தேவிப்ரியா ஒப்புக்கொண்டாள். வாழப்பாடியிலிருந்து தாயோடு வந்து குடியிருந்த பெண், இருபத்தாறு வயது, தம்பியின் படிப்பும் அவள் சம்பளத்தில்தான் நடந்தது. கடையின் நேரலையில் தினமும் காலை பதினொரு மணிக்கு நின்று, கைப்பேசிக்கு முன்னால் ஒவ்வொரு சேலையாக விரித்துக் காட்டி விற்பவள் அவளே. கரூரிலும் காரைக்குடியிலும் மலேசியாவிலும் உள்ள பெண்கள் ‘தேவிக்கா’ என்று எழுதி, எண்ணைக் குறிப்பிட்டுச் சேலை கேட்பார்கள். கைப்பேசிக்குப் பின்னால் நின்று சேலைகளை எடுத்து நீட்டுவது நாச்சிமுத்துவின் வேலை. கடையில் வயது பேதமின்றி எல்லா ஆண்களும் அவளுக்கு அண்ணன்தான்.

“அண்ணா, பாட்டுல நான் என்ன செய்யணும்?” என்று கேட்டாள்.

“ஒண்ணும் செய்ய வேண்டாம் அம்மிணி. நின்னாப் போதும். மத்ததையெல்லாம் பாட்டே பாத்துக்கும்.”

கஞ்சமலை அடிவாரத்தில் ஒரு கடலைக்காட்டில் படப்பிடிப்பு நடந்தது. நாமக்கல்லிலிருந்து மாதேஸ்வரன் என்பவர் கேமராவோடு வந்திருந்தார். பட்டறைகளில் புதிதாகப் பாடி கட்டி இறக்கும் லாரிகளையும், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளையும் முதலாளிமார்க்கு வீடியோ எடுத்துத் தருவது அவர் தொழில். பாட்டுத்தாளைக் கேட்டு வாங்கி, பேனாவை எடுத்து, வரிவரியாகக் குறியிட்டுக்கொண்டே போனார்.

“மொத வரி கூந்தலுங்களா? சரி, ஒரு குளோசப். ரெண்டாவது நெத்தி. மூணாவது புருவம்.” நடுவில் நிறுத்தி நிமிர்ந்தார். “இடுப்புக்கு மட்டும் நாலு வரி போட்டிருக்கீங்க. நாலு ஷாட் வெக்கோணுமுங்க.”

“மின்னல், கொடி, உடுக்கை, நூலுன்னு நாலு உவமைங்க. மரபு” என்றார் நாச்சிமுத்து.

“மரபுன்னா வெச்சரலாமுங்க.”

தம் செய்யுளை ஒருவர் இவ்வளவு உன்னிப்பாக வாசித்துப் பார்ப்பது நாச்சிமுத்துவின் வாழ்வில் அதுவே முதல்முறை. பெண்ணுக்கு வெயில் படாமல் குடை பிடிக்கும் பொறுப்பை அவரே ஏற்றுக்கொண்டார். பாட்டில் உள்ள வரிசை பிசகாமல் கேமரா மேலிருந்து கீழே இறங்குவதைக் கண்டு புளகாங்கிதம் அடைந்தார். நாலாவது இடை முடிந்தபோது கைதட்டவும் செய்தார். குடை சாய்ந்து, தேவிப்ரியா கையால் வெயிலை மறைத்துக்கொண்டதை அவர் கவனிக்கவில்லை.

பாட்டு வெளிவந்து பதினைந்து நாளில் நான்கு லட்சம் பேர் பார்த்தார்கள். அந்தப் பார்வைகளில் நூற்றுக்குக் குறையாதவை தம்முடையவை என்பது பாடலாசிரியருக்குத் தெரியும். திரையில் முதலில் ‘செந்தமிழ்ச்செல்வர் இளம்பிள்ளை நாச்சிமுத்து’ என்று வந்தது. செந்தமிழ்ச்செல்வர் என்ற பட்டத்தை அவருக்கு அளித்தவர் அவரே. டீக்கடையில் அவருக்கு இப்போது கண்ணாடித் தம்ளருக்குப் பதில் கைப்பிடி வைத்த கோப்பையில் டீ வந்தது. அவர் கைப்பேசியை மேசைமேல் நிறுத்திவைத்துக் குடித்தார்.

மனைவி அங்கம்மாளிடம் முதல் நாளே காட்டியாயிற்று. விசைத்தறிக்கூடத்திலிருந்து வந்து, காதில் அடைத்த பஞ்சைக்கூட எடுக்காமல் அவள் முழுவதையும் பார்த்தாள்.

“இது நம்ம கடைப் புள்ள தேவிங்களா? சேலைய வெச்சுத்தான் கண்டுபிடிச்சேனுங்க. மூஞ்சி எங்கீங்க?”

“ஏன், நெத்தி இருக்குது, கண்ணு இருக்குது, மூக்கு இருக்குது, உதடு இருக்குது.”

“எல்லாம் இருக்குதுங்க. கறிக்கடையில வாங்கிட்டு வார பொட்டணத்துலயுந்தான் எல்லாம் இருக்குது. கோழியத்தான் காணோம்.”

செய்யுளின் நுட்பம் எல்லார்க்கும் எளிதில் கைகூடுவதன்று என்று நாச்சிமுத்து விளக்கினார். பஞ்சை எடுக்காதது நல்லதாகப் போயிற்று என்று சொல்லிவிட்டு அங்கம்மாள் உள்ளே போனாள்.

மூன்றாம் வாரத்தில் அந்தப் பாட்டு நேரலைக்குள் வந்து நுழைந்தது. தேவிப்ரியா வழக்கம்போல், “வணக்கங்க்கா, இன்னிக்கு முதல்ல எண்பத்தி ஏழாம் நம்பர் பாக்கலாம், முந்தி நல்லா வெயிட்டு” என்று தொடங்கியதும் திரையில் ஒரு வரி ஓடியது. ‘மின்னிடை எங்கே?’ அடுத்து, ‘உடுக்கையைக் காட்டு அன்னமே.’ அடுத்து, ‘முகம் வேண்டாம், நாலாவது வரிக்குப் போ.’ எழுதியவர்கள் ஆண்கள். இதற்கு முன் அந்தப் பக்கம் வந்திராதவர்கள். அவர்கள் எழுதிய சொற்கள் நாச்சிமுத்துவுடையவை. ஓசை கெடாமல், எதுகை பிசகாமல் எழுதினார்கள். தம் கவிதை மக்கள் நாவில் வழங்க வேண்டும் என்று மாசிதோறும் வேண்டிக்கொண்டவர், கையில் சேலையோடு நின்று அதை வாசித்தார்.

தேவிப்ரியா வாசிக்காதவள்போல் முந்தானையைச் சுற்றி இழுத்துச் செருகிக்கொண்டு எண்களைச் சொல்லிக்கொண்டே போனாள். தொள்ளாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்த நேரலையில், பத்து நாளில் பெண்கள் ஒவ்வொருவராக விலகி, நூற்றுச் சொச்சம் பேர் மிஞ்சினார்கள். அவர்களில் சேலை கேட்டவர் சிலர்.

அவள் முதலாளியிடம் மூன்றுமுறை போய், பாட்டை எடுத்துவிடச் சொல்லிக் கேட்டாள். வெங்கடாசலம் கடுஞ்சொல் பேசாதவர், மென்மையாகவே மறுத்தார்.

“நாலு லட்சம் பேரு நம்ம சேலையப் பாத்திருக்காங்க சாமி. அதை எதுக்கு எடுக்கோணும்? பசங்க எழுதறதைப் பெருசு பண்ணாத.”

ஆனால் அன்று மாலையே கணக்கரிடம், “ஆடித் தள்ளுபடிக்கு வேற புள்ளையப் பாத்துக்கலாம். செவ்வாய்ப்பேட்டைல ஒரு புள்ள இருக்குதாமா” என்று அவர் சொன்னது, சேலைகளுக்கு நடுவே குனிந்திருந்த நாச்சிமுத்துவின் காதில் விழுந்தது. ஆடிக்கு இன்னும் இருபது நாள் இருந்தது.

நாச்சிமுத்துவுக்கு அறச்சீற்றம் வந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மாடியேறிக் கௌதமனின் அறைக்குப் போனார். அடுத்த பாட்டைப் பற்றிப் பேச வந்திருந்த மாதேஸ்வரனும் அங்கே அமர்ந்திருந்தார்.

“தம்பி, ஒரு பொம்பளப் புள்ளையத் துண்டு துண்டா வெட்டிப் போட்டுட்டீங்க. இதுவாங்க கலை?”

கௌதமன் கோபப்படவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து, குறியிட்ட பாட்டுத்தாளை எடுத்து அவர் முன் வைத்தான்.

“இதுல எந்தத் துண்டை நாங்களாச் சேர்த்தோம்னு சொல்லுங்க புலவரே.”

நாச்சிமுத்து தாளைப் பார்த்தார். ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் ஒரு குறி. இடைக்குப் பக்கத்தில் நான்கு.

மாதேஸ்வரன் சமாதானமாகச் சொன்னார்: “வண்டி வீடியோ எடுக்கறப்ப ஓனருங்களும் இப்படித்தானுங்க லிஸ்ட் குடுப்பாங்க. கேபினு, பாடி, டயரு, ஒரு பார்ட்டும் வுட்டறக் கூடாதும்பாங்க. உங்க தாளைப் பாத்ததும் எனக்குச் சுலபமாப் போச்சு. என்ன, அவங்க கடைசியில வண்டி ஓடறதைக் காட்டச் சொல்லுவாங்க.”

“பாட்டுல அந்தப் புள்ள என்னதானுங்க பண்ணுது?” என்று கௌதமன் கேட்டான்.

நாச்சிமுத்து தாளை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் படித்தார். இரு வழியிலும் படித்துப் பழகிய பாட்டுத்தானே.

“நிக்குது” என்றார்.

அறச்சீற்றத்தோடு ஏறிய படிகளில் இறங்கும்போது அவருக்குப் புதிய எண்ணம் ஒன்று பிறந்தது. பெண் ஏதேனும் செய்கிற பாட்டு ஒன்றை எழுத வேண்டும். அதை எடுத்துப் போட்டால் பழையது தானே அமிழ்ந்துவிடும். உட்கார்ந்து எழுதத் தொடங்கியபோது, இருபத்தெட்டு ஆண்டுப் புலமையும் கையை விரித்தது. விழிக்குப் பதினோர் உவமைகள் அவரிடம் இருந்தன; அவ்விழி எதையேனும் பார்ப்பதாகச் சொல்ல ஒரு சொல் இல்லை. விரலுக்குக் காந்தள் இருந்தது. அவ்விரல் என்ன செய்யும் என்பது அந்த இல்லாமற்போன முப்பது பக்கங்களில் இருந்திருக்கலாம்.

வேறு வழியின்றி, கண்ணெதிரே நின்றவளைப் பார்த்தார். ஒரு வாரம் பார்த்தார். நான்கு ஆண்டுகளாக மூன்றடித் தொலைவில் நின்று அவர் பார்க்காதவை அவை. ஒரே வீச்சில் சேலையை விரித்து, கரையில் நூல் தப்பிய இடத்தை அவள் மறைக்காமல், “இதுல ஒரு சின்னக் குறை இருக்குங்க்கா, வேணாம்” என்று தள்ளிவைப்பாள். திரையில் பெயரைக் கண்டதும், “மகளுக்குச் சீமந்தம் முடிஞ்சுதாக்கா?” என்று விசாரிப்பாள். ஒன்றரை மணிநேரம் நின்றபின் ஒரு காலை மற்றொரு காலால் தேய்த்துக்கொள்வாள்; அது கைப்பேசியில் தெரியாது. இவற்றையெல்லாம் எளிய சொற்களில் பன்னிரண்டு வரிகளாக்கினார். உவமை ஒன்றுகூட இல்லாததால் அது பாட்டுத்தானா என்று அவருக்கே ஐயமாக இருந்தது.

மறுநாள் உச்சிவேளையில், சேலைக் கட்டுகளுக்கு நடுவே அமர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த தேவிப்ரியாவிடம் அதைப் படித்துக் காட்டினார். அவள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள்.

“நல்லா இருக்குண்ணா. காலத் தேய்க்கிறதெல்லாம் பாத்திருக்கீங்க. பழசை எப்ப எடுக்கறாங்க?”

“புதுசு வந்துட்டா, பழசை சனங்க மறந்துரும் அம்மிணி.”

அவள் சோற்றுக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். “நான் பாட்டு வேணும்னு கேக்கவே இல்லண்ணா. அதை எடுக்கணும்னு மட்டுந்தான் கேட்டேன். இந்தப் புதுசு உங்களுக்குத்தானே?”

நாச்சிமுத்து மடித்த தாளை மேலும் மடித்தார். மடிப்பது அவருக்குக் கைவந்த தொழில். அது பொட்டலம் அளவுக்கு வந்தபிறகும் மடித்துக்கொண்டிருந்தார். அவள் சொன்னது உண்மை. பழைய பாட்டுப் போனால் கோப்பையில் வரும் டீயும் போகும். புதிய பாட்டு வந்தால் கோப்பை நிலைக்கும். தாம் ஒரு வாரமாகச் செய்துவந்த பிராயச்சித்தத்தின் பெயர் அந்தக் கோப்பையாக இருந்தது.

பாட்டை ஒரே நாளில் நீக்கவைக்கும் வழி அவரிடம் ஒன்று இருந்தது. அதை அவர் தொடக்கம் முதலே அறிந்திருந்தார். அறிந்ததால்தான் அதைத் தவிர மற்றவற்றையெல்லாம் செய்துபார்த்தார்.

மறுநாள் காலை, வெங்கடாசலம் முதலாளி கல்லாவுக்கு மேலிருந்த அங்காளம்மன் படத்துக்குச் சாம்பிராணி காட்டி முடித்துத் திரும்பும்வரை நாச்சிமுத்து கைகட்டி நின்றார்.

“மொதலாளி, ஒண்ணு சொல்லோணுமுங்க. அந்த ஆல்பம் பாட்டு புதுசா எழுதினதில்லீங்க. போன மாசிக்கு நான் அம்மனுக்குப் பாடினதுங்க. தலைகீழா மாத்திக் குடுத்துட்டேன்.”

வெங்கடாசலம் சாம்பிராணிக் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. புகை இருவருக்கும் நடுவில் எழுந்தது. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“அப்ப அந்த இடுப்பு யாருதுங்க?”

கண்ணீர் மல்கப் பாடியபோதும் நாச்சிமுத்து அம்மனைப் பார்க்கவில்லை. குடை பிடித்து நின்றபோதும் தேவிப்ரியாவைப் பார்க்கவில்லை. கவிழ்த்தாலும் நிமிர்த்தாலும் பொருந்திய பாட்டு அது. முதலாளியின் முகத்தைப் பார்க்க மாட்டாமல், கரண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“கௌதமா” என்று முதலாளி மாடியை நோக்கி அழைத்தார். குரல் உயரவில்லை. பையன் இறங்கிவந்தான், கேட்டான், ஒருமுறை நாச்சிமுத்துவைப் பார்த்தான், கைப்பேசியை எடுத்து நான்குமுறை விரலால் தொட்டான். நான்கு லட்சத்துச் சொச்சம் பார்வைகளும் செந்தமிழ்ச்செல்வர் பட்டமும் சாம்பிராணிப் புகை கலைவதற்குள் போய்விட்டன.

“வார மாசிக்கு மைக்கை வேற யாருகிட்டயாவது குடுத்தரலாமுங்க” என்றார் வெங்கடாசலம். “நீங்க வந்து கும்பிட்டுட்டுப் போங்க. அது போதும்.”

“சரிங்க மொதலாளி.”

“ஆடிக்குப் பாத்த புள்ள வேண்டான்னு கணக்கர்கிட்டச் சொல்லிருங்க. அம்மன் பாட்டுல நின்ன புள்ளைய அனுப்பறது நமக்கு ஆகாது.”

செய்தியைத் தேவிப்ரியாவிடம் அவரே போய்ச் சொன்னார். முழுவதையும் சொன்னார், பதிகத்தைக் கவிழ்த்தது உட்பட. அவள் நன்றி சொல்வாள் என்று மனத்தின் ஓரத்தில் ஓர் எதிர்பார்ப்பு இருந்தது. அவள் ரிங் லைட்டின் கழுத்தைத் திருகி நிமிர்த்திக்கொண்டிருந்தாள்.

“நான் மூணு தரம் போய் நின்னு கேட்டேண்ணா. பசங்க சமாச்சாரம்னாரு. அம்மனுக்குன்னதும் ஒரு நிமிசம்.”

“ஆமாம் அம்மிணி.”

“உங்களுக்கும் இதைச் சொல்ல இருவது நாள் ஆச்சு.”

“ஆமாம் அம்மிணி.”

அவள் விளக்கைப் போட்டுப் பார்த்தாள். “சரி, எடுத்தாச்சு. நூத்திப் பன்னெண்டை மொதல்ல எடுத்து வைங்க, அந்தப் பச்சை.”

டீக்கடையில் மறுநாளே கண்ணாடித் தம்ளர் திரும்பியது. “என்னங்க புலவரே, பாட்டக் காணோமா?” என்று கடைக்காரர் கேட்டார். “அம்மன் எடுத்துக்கிட்டாங்க” என்றார் நாச்சிமுத்து. இந்த விடையில் தமக்கு ஒரு சிறு பெருமை சேர்வதை உணர்ந்து, அதற்காகவும் வெட்கப்பட்டு, டீயை அவசரமாகக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார். அங்கம்மாள் அன்று கோழிக்குழம்பு வைத்தாள்.

நேரலை ஒரேயடியாகச் சீராகிவிடவில்லை. வம்பர்கள் இன்னும் சில நாள் வந்து, பாட்டைக் காணாமல், சலித்து விலகினார்கள். ஆடி பிறந்து இரண்டாம் வெள்ளியன்று ஐந்நூறு பெண்கள் இருந்தார்கள். தேவிப்ரியா ஒரு மாம்பழ மஞ்சள் சேலையை விரித்துக் காட்டிக்கொண்டிருக்கும்போது, காரைக்குடியிலிருந்து ஒருத்தி எழுதியதை நிறுத்தி வாசித்தாள்.

“ஒரு அக்கா கேக்கறாங்க. ‘பக்கத்துலேர்ந்து சேலை எடுத்துக் குடுக்குற கை யாருது? மடிப்புக் கலையாம என்ன அழகா நீட்டுது.’”

நாச்சிமுத்துவின் கை அந்தரத்தில் நின்றது. கையின் அழகைப் பாடியே பழகியவர், தம் கையின் அழகை ஒருவர் பாராட்டி எழுதக் கேட்டது வாழ்வில் அதுவே முதல்முறை. மறுகையால் தலைமயிரைப் படியவிட்டார். கைப்பேசி சற்றே இந்தப் பக்கம் திரும்பினால் வசதியாக இருக்கும் என்று அரையடி முன்னால் நகர்ந்தும் நின்றார்.

“அது நம்ம கடை அண்ணனோட கைங்க்கா” என்றாள் தேவிப்ரியா, கைப்பேசியைத் திருப்பாமல். “அடுத்து நூத்தி முப்பது.”

அவர் அரையடி பின்னால் வந்து, நூற்று முப்பதை எடுத்து நீட்டினார்.